அப்பாவின் மேலவையும் லிங்கன் நகரத்து ஒற்றை அவையும்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஓட்டு இருந்தது. ஊரில் எல்லாருக்கும் உள்ளது ஒன்று, வாத்தியார் என்பதால் கிடைத்தது இன்னொன்று. திருத்துறைப்பூண்டிப் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். அப்போது தமிழ்நாட்டுக்குச் சட்டப்பேரவையோடு சட்ட மேலவை என்ற இரண்டாவது அவையும் உண்டு. 63 உறுப்பினர்கள். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களுக்கு ஆசிரியர்கள்தான் ஆள் அனுப்புவார்கள், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்குக்குப் பட்டதாரிகள். அந்த வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை இல்லை. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று வரிசை எண் போட வேண்டும். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் திண்ணையில் ஆள்காட்டி விரலால் 1, 2, 3 எழுதிக் காட்டுவார். சின்னப் பிள்ளையில் அதைப் பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, நான் சமூக அறிவியல் ஆசிரியை ஆனேன்.

1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு மேலவை இல்லாமல் போனது. அன்று அப்பா சொன்னது: "நம்ம பேச்சு போறதுக்கு ஒரு வாய்க்கா இருந்துச்சு, அது தூந்து போச்சும்மா." கோபமாகச் சொல்லவில்லை. கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் குரலில் சொன்னார். 2010-இல் மேலவையை மறுபடி கொண்டுவரச் சட்டப்பேரவையில் தீர்மானமும் நாடாளுமன்றத்தில் சட்டமும் நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. ஆட்சி மாறியதும் அந்த முயற்சியும் நின்றுபோனது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் ஓரவை, ஈரவை என்று பாடம் நடத்தியவள். இந்தியாவில் ஒரே அவை கொண்ட மாநிலங்கள்தான் அதிகம், ஒரு சிலவற்றில்தான் இரண்டு அவை. அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே உள்ள 50 மாநிலங்களில் 49-க்கு இரண்டு அவை, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒற்றை அவை. அந்த ஒன்று நெப்ராஸ்கா. பரீட்சைக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாக இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரிலேயே போய் நான்கு மாதம் இருப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

மகளின் பேறுகாலத்துக்காக 2024 ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினேன். மாப்பிள்ளை அங்கே மண் ஆராய்ச்சியில் இருக்கிறார். நெப்ராஸ்காவின் தலைநகரம் லிங்கன். வெளியே கால் வைக்க முடியாத பனி. ஆனால் கார் ஊருக்குள் நுழையும்போதே 400 அடி உயரக் கோபுரம் ஒன்று தெரிந்தது. சுற்றிலும் தட்டையான நிலம், நம்ம டெல்டா மாதிரியே. அதனால் எங்கிருந்து பார்த்தாலும் அது கண்ணில் படும். உச்சியில் யாரோ நிற்பது போலிருந்தது.

"அது யாரு மாப்பிள்ளை, அவ்வளவு உசரத்துல?"

"விதைக்கிறவர் அத்தை. விதைப்பவர்னே அந்தச் சிலைக்குப் பேரு. அதுதான் இவங்க சட்டமன்றம்."

எனக்குச் சிலிர்த்துப்போனது. சுமார் 19 அடி உயர வெண்கல மனிதர், விதைப்பையோடு கையை வீசி விதைக்கிறார். தலைமைச் செயலகத்தின் தலைமேல் ஒரு சிங்கமோ ராஜாவோ இல்லை, விதைக்கிற ஆள். எங்கள் ஊரில் நேரடி விதைப்புதான் அதிகம். நாற்றுவிட்டு நடுகிற அளவுக்குத் தண்ணீர் நேரத்துக்கு வந்து சேராது. என் மாமனார் விதை தெளிப்பதை எத்தனையோ முறை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். கூடையை இடது இடுப்பில் அணைத்துக்கொள்வார். வலது கால் முன்னே வைக்கும்போது கை கூடைக்குள் போகும், இடது கால் வைக்கும்போது கை விரியும். விரல்களை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். அப்போதுதான் விதை ஓரிடத்தில் குவியாமல் பரவலாக விழும். கோபுரத்து மனிதரை அண்ணாந்து பார்த்தபோது அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

பேத்தி பிறந்து, வீடு கொஞ்சம் ஒழுங்குக்கு வந்த பிறகு அந்தக் கட்டடத்துக்குள் போனேன். பக்கத்து வீட்டு அம்மா அழைத்துப்போனார். அவரும் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. என் ஆங்கிலத்தை அவரும் அவர் ஆங்கிலத்தை நானும் பொறுத்துக்கொண்டோம். இரண்டு வாத்தியார் சேர்ந்தால் பாஷை ஒரு தடையே இல்லை.

1922-இல் தொடங்கி 1932-இல் முடிந்த கட்டடம் அது. வரைந்தவர் பெர்ட்ராம் குட்ஹியூ. கட்டி முடிவதைப் பார்க்காமல் 1924-லேயே இறந்துவிட்டார். பழைய சட்டமன்றத்தை உடனே இடிக்காமல், அதைச் சுற்றிப் புதியதைக் கட்டி, அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போதே பகுதி பகுதியாக மாற்றியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1 கோடி டாலர் செலவு. அதில் ஒரு காசு கடன் கிடையாது. வரி வசூலாக வசூலாகக் கட்டியது. ஏனென்றால் கடன் வாங்க அவர்கள் அரசியல் சட்டமே விடாது. மாநிலம் பற்றாக்குறைக்காக வாங்கும் கடன் மொத்தத்தில் 1 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1 லட்சம்தான். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1854-இல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் என்று ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் போட்டது. அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்தப் பகுதிக் குடியேறிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டது. அது கன்சாஸில் ரத்தக் களரியாகி, கடைசியில் உள்நாட்டுப் போருக்கே ஒரு காரணமாயிற்று. நெப்ராஸ்கா அப்போது மாநிலம் இல்லை, வெறும் ஆட்சிப் பகுதி. 1866-இல் அங்கிருந்த சட்டமன்றமே அவசரமாக ஓர் அரசியல் சட்டத்தை எழுதி மக்களிடம் ஓட்டுக்கு விட்டது. ஆதரவு 3,938, எதிர்ப்பு 3,838. சரியாக நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாநிலம் உருவானது. எங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலில்கூட இதைவிட அதிக வித்தியாசம் பார்த்திருக்கிறேன்.

அந்த முதல் அரசியல் சட்டத்தில் ஓட்டு வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. இதை நீக்கினால்தான் மாநிலமாக ஏற்போம் என்றது அமெரிக்க நாடாளுமன்றம். நிறத்தைச் சொல்லி ஓட்டை மறுக்கக் கூடாது என்ற நிபந்தனை. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. 1867 மார்ச் 1-ஆம் தேதி நெப்ராஸ்கா 37-ஆவது மாநிலமானது. குடியரசுத் தலைவரின் மறுப்பைத் தாண்டி மாநிலமானது அமெரிக்காவிலேயே இது ஒன்றுதான். நிறத்தின் பெயரால் ஓட்டை மறுக்காதே என்று வெளியிலிருந்து சொல்லி ஏற்க வைத்த பிறகுதான் இந்த மாநிலம் பிறந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அப்போதும் அந்த மண்ணின் பழங்குடிகளையும் பெண்களையும் வெளியேதான் நிறுத்தினார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் வைத்துக்கொண்ட மாநில வாசகம், சட்டத்தின் முன் சமத்துவம்.

அவசரமாக எழுதியது நிலைக்கவில்லை. 1871-இல் முதல் ஆளுநர் டேவிட் பட்லர், பள்ளிக்கூட நிதியில் கை வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பதவியை இழந்தார். அதே வருஷம் புதிய அரசியல் சட்டம் ஒன்றை எழுதி ஓட்டுக்கு விட்டார்கள். மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுபடி 1875-இல் உட்கார்ந்து எழுதியதுதான் இன்றுவரை நிற்கிறது. அந்த 1875-க்கு முந்தைய வருஷம் எப்படிப்பட்டது தெரியுமா? வெட்டுக்கிளி மேகம் போல வந்து இறங்கி, சோளக் கொல்லையைத் தின்றுவிட்டுப் போன வருஷம். நாடு முழுக்கப் பண முடை வேறு. வயிறு காய்ந்தவர்கள் எழுதிய சட்டம் அது. அதனால்தான் கடனுக்கு அந்தக் கட்டு. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் கல்யாணச் செலவைப் பற்றி எல்லாரும் பேசிய பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது.

1912-இல் மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டம் கொண்டுவரும் உரிமை சேர்ந்தது. 1919, 1920-இல் கூடிய அரசியல் சட்ட மாநாடு 41 திருத்தங்களை முன்வைத்தது, மக்கள் 41-ஐயும் ஏற்றார்கள். அந்த மாநாட்டிலேயே ஒற்றை அவைப் பேச்சு வந்து, உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றதால் நடக்காமல் போனது.

அப்புறம் வந்தார் ஜார்ஜ் நாரிஸ். மெக்குக் என்ற சின்ன ஊர்க்காரர், அமெரிக்க நாடாளுமன்றத்தில் நெப்ராஸ்காவின் செனட்டர். கிராமங்களுக்கு மின்சாரம் போகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். 1934-இல் எழுபதைத் தாண்டிய வயதில் சொந்தக் காரில் மாநிலம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி, நமக்கு ஒரே அவை போதும் என்று பேசினார். இரண்டு செட் டயர் தேய்ந்துபோனது என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு அவை இருந்தால் ஒன்றில் நிறைவேறுவது மற்றதில் மாறும். இரண்டையும் இணக்கமாக்க இரு தரப்பிலிருந்தும் சிலரைப் பொறுக்கி ஒரு கூட்டுக்குழு போடுவார்கள். அது கதவைச் சாத்திக்கொண்டு கூடும். கடைசிச் சட்டத்தை எழுதுவது அந்த நாலைந்து பேர்தான். யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று வெளியே தெரியாது. ஒரு அவை இன்னொரு அவையின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகும். ஒரே அவை என்றால் ஒளிய இடம் இல்லை. நாரிஸ் சொன்னதன் சாரம் இதுதான்.

286,086 பேர் ஆதரவு, 193,152 பேர் எதிர்ப்பு. ஜெயித்துவிட்டது. அதே வாக்குச்சீட்டில் மதுவிலக்கை நீக்குவதும் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை அனுமதிப்பதும் இருந்தன, அந்த ஆரவாரத்தில் இதுவும் சேர்ந்து போனது என்று சொல்பவர்கள் உண்டு. பஞ்ச காலத்தில் செலவு குறையும் என்பதும் ஒரு காரணம். உண்மையிலேயே குறைந்தது. மேலவையான செனட்டில் 33 செனட்டர்கள், கீழவையில் 100 பிரதிநிதிகள் என்று 133 பேர் உட்கார்ந்த இடத்தில் 43 பேர் ஆனார்கள். 1935-இல் இரட்டை அவையின் கடைசிக் கூட்டம் 110 நாள் நடந்து, 192 மசோதாக்களை நிறைவேற்றி, 202,593 டாலர் செலவழித்தது. 1937-இல் ஒற்றை அவையின் முதல் கூட்டம் 98 நாளில் 214 மசோதாக்கள், செலவு 103,445 டாலர்.

1937 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். அதே 1937-இல்தான் நம்ம சென்னை மாகாணத்தில் பேரவை, மேலவை என்று இரண்டு அவை வந்தது. உலகத்தின் ஒரு மூலையில் இரண்டாவது அவைக்குக் கதவு திறந்த வருஷம், இன்னொரு மூலையில் சாத்தினார்கள். ராஜாஜி 1952-இலும் அண்ணா 1967-இலும் முதலமைச்சரானபோது அந்த மேலவை உறுப்பினர்களாகத்தான் அவைக்குள் வந்தார்கள்.

சாத்திய கதவை நான் நேரில் பார்த்தேன். கட்டடம் 1932-இல் முடிந்தது, ஓட்டெடுப்பு 1934-இல். ஆகையால் இரண்டு அவைக்கும் இரண்டு மண்டபம் கட்டியாகிவிட்டது. மேற்கில் பெரியது, பிரதிநிதிகளுக்கு. கிழக்கில் சிறியது, செனட்டுக்கு. இப்போது அவை கூடுவது மேற்கு மண்டபத்தில், அதற்கு நாரிஸ் பெயர். கிழக்கு மண்டபம் விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும். அதற்கு வார்னர் என்ற அப்பா, மகன் இருவரின் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பா சார்லஸ் வார்னர்தான் ஒற்றை அவையின் முதல் சபாநாயகர். மகன் ஜெரோம் வார்னர் பல்லாண்டுகள் உறுப்பினராக இருந்தவர். அந்த மண்டபத்தில் நாங்கள் போனபோது யாரும் இல்லை. மர இருக்கைகள், உயரமான கூரை, மங்கலான வெளிச்சம். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பா எண் போட்டு அனுப்பிய ஆட்கள் உட்கார்ந்த மண்டபம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டம்மா எதுவும் கேட்கவில்லை. எழுந்த பிறகு அப்பாவின் இரண்டாவது ஓட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

அவர் சொன்னார், "இங்கேயும் இரண்டாவது அவை இருக்கிறது. நாங்கள்தான் அது. அடுத்த வாரம் வா, காட்டுகிறேன்."

அங்கே எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் இது, மக்கள்தான் இரண்டாவது அவை. சொல்வதற்கு யாரும் சொல்லலாம். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நெப்ராஸ்காவில் ஓர் உறுப்பினர் மசோதா கொண்டுவந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஒரு குழுவின் முன் பொதுக் கருத்துக் கேட்பு நடந்தே ஆக வேண்டும். நாள், நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். ஜனவரியிலிருந்து பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தொடங்கும். யார் வேண்டுமானாலும் போகலாம், யார் வேண்டுமானாலும் பேசலாம். நான் போன அன்று இயற்கை வளக் குழு. கிணற்றுத் தண்ணீரில் உரத்திலிருந்து நைட்ரேட் இறங்குவதைப் பற்றிய பேச்சு. குதிரைலாட வடிவத்தில் உறுப்பினர்கள், எதிரே ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி, ஒலிவாங்கி, மூன்று நிற விளக்கு. முதலில் மசோதா கொண்டுவந்தவர் விளக்குவார். பிறகு ஆதரிப்போர், எதிர்ப்போர், இரண்டுமில்லாதோர். கடைசியில் மறுபடி கொண்டுவந்தவர்.

ஒரு விவசாயி வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கை நகத்தில் கறுப்பு, நம்ம ஆட்கள் கையில் இருப்பது மாதிரியே. உட்கார்ந்ததும் தன் பெயரைச் சொல்லி, அதை எழுத்துக் கூட்டிச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக. பச்சை விளக்கு எரிந்தது. தன் வீட்டுக் கிணற்றை எந்த வருஷம் சோதித்தார், என்ன அளவு வந்தது, மருமகள் கர்ப்பமாக இருந்தபோது எங்கிருந்து தண்ணீர் வாங்கினார்கள் என்று சொன்னார். மஞ்சள் விளக்கு வந்ததும் வேகமாகப் பேசினார். சிவப்பு வந்ததும் நிறுத்திவிட்டார். ஓர் உறுப்பினர் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னார், நன்றி சொல்லி எழுந்தார். அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட இல்லை.

எதற்கு எழுத்துக் கூட்டுகிறார்கள் என்று கேட்டேன். பேசுவது முழுக்க ஆவணத்தில் ஏறுகிறது, பெயர் தப்பாகப் பதிந்துவிடக் கூடாது என்றார் பக்கத்து வீட்டம்மா. அவரே முன்பு ஒரு நாள் வந்து பேசியதும் அதில் இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாமாம்.

அதுவரை அப்பா பக்கம் நின்றவள்தான் நான். மேலவையை எடுத்தது தப்பு என்றே நினைத்து வந்தேன். அந்த நாற்காலியைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. நாரிஸ் மேலவையை எடுத்தார், அந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். நாம் மேலவையை எடுத்தோம், அந்த இடத்தில் எதையும் போடவில்லை. அப்பா இழந்தது மேலவையை அல்ல, அந்த நாற்காலியைத்தான். வாத்தியார்களுக்கு மட்டும் இருந்த சின்ன வாய்க்காலுக்குப் பதிலாக எல்லாருக்குமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கலாம்.

அதற்காக அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இப்போது 49 உறுப்பினர்கள், எல்லாருக்கும் பெயர் செனட்டர்தான். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, குழுத் தலைவர்களைக்கூட ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். ஆண்டுச் சம்பளம் 12,000 டாலர் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருப்பதால் சாதாரண வேலையில் இருப்பவர் அந்தப் பக்கம் வருவது கஷ்டம். மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் ஸ்காட்ஸ்பிளஃப் ஊரிலிருந்து லிங்கன் 600 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நிமிடம் பேச யார் அவ்வளவு தூரம் வருவார்கள்? எழுத்தில் அனுப்பலாம், ஆனால் நேரில் பார்க்கும் முகம் வேறு.

ஒரே அவை என்றால் அவசரச் சட்டம் போட்டுவிட மாட்டார்களா என்பது ஈரவைக்காரர்களின் பழைய கேள்வி. அதற்கு அவர்கள் உள்ளுக்குள்ளேயே மதகு வைத்திருக்கிறார்கள். மசோதாவுக்கு ஒரே பொருள்தான் இருக்கலாம். பல கட்டம் தாண்ட வேண்டும், அறிமுகமாகி ஐந்து நாளாவது ஆகாமல் கடைசி ஓட்டு இல்லை. நீளமாகப் பேசி இழுத்தடிப்பவர்களை நிறுத்த 33 பேர் வேண்டும், ஆக 17 பேர் உறுதியாக இருந்தால் ஒரு மசோதாவை நிறுத்திவிடலாம். 2024-இல் குடியரசுத் தலைவர் தேர்தல் முறையை மாற்றப் பெரிய நெருக்கடி வந்தது. அங்கே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள தேர்வாளர் வாக்குகள்தான். நெப்ராஸ்காவில் 1992 முதல் அந்த வாக்குகளைத் தொகுதிவாரியாகப் பிரிக்கிறார்கள், மெய்ன் மாநிலம் தவிர வேறெங்கும் இல்லாத முறை. அதை மாற்ற 33 பேர் சேரவில்லை, முறை அப்படியே நின்றது.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுநரை மக்களே நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள், நம்ம ஆளுநர் மாதிரி நியமனம் இல்லை. அவர் மறுத்த மசோதாவை 30 பேர் சேர்ந்தால் நிறைவேற்றிவிடலாம். அரசு வழக்கறிஞர், கருவூலர், தணிக்கையாளர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக மக்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். உச்ச நீதிமன்றத்தில் ஏழு பேர். ஒரு சட்டம் செல்லாது என்று சொல்ல நால்வர் போதாது, ஐவர் வேண்டும். மின் விநியோகம் முழுக்கப் பொதுத் துறையும் கூட்டுறவும்தான், தனியார் மின் விநியோக நிறுவனமே இல்லாத ஒரே மாநிலம்.

தண்ணீரை இப்படிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. 1972 முதல் அந்த மாநிலத்தில் இயற்கை வள மாவட்டங்கள் என்று தனியாக இருக்கின்றன. இப்போது 23. வருவாய் மாவட்ட எல்லையைப் பார்க்காமல் ஆற்று வடிநிலத்தைப் பார்த்துப் பிரித்தவை. நமக்கும் வெண்ணாறு வடிநிலக் கோட்டம், காவிரி வடிநிலக் கோட்டம் என்று இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு. யார் எத்தனை கிணறு போடலாம், எவ்வளவு இறைக்கலாம் என்று முடிவு செய்வது பக்கத்து வயல்காரர்தான். எங்கள் ஊரில் மதகு பார்க்கும் லஸ்கரைத் தேடிப் போய் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கெஞ்சியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ரிபப்ளிகன் ஆறு என்று ஒன்று. கொலராடோவில் பிறந்து நெப்ராஸ்கா வழியாகக் கன்சாஸ் போகிறது. மூன்று மாநிலச் சட்டமன்றமும் ஏற்று, அமெரிக்க நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்து 1943-இல் ஒப்பந்தம் போட்டார்கள். கொலராடோவுக்கு 11 சதவீதம், நெப்ராஸ்காவுக்கு 49, கன்சாஸுக்கு 40. நெப்ராஸ்கா விவசாயிகள் நிலத்தடி நீரை அதிகம் இறைத்ததால் ஆற்றில் வரத்து குறைந்தது என்று கன்சாஸ் வழக்குப் போட்டது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நெப்ராஸ்கா 55 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. அதில் 37 லட்சம் கன்சாஸின் நஷ்டத்துக்கு. மீதி 18 லட்சம் எதற்குத் தெரியுமா? அந்தத் தண்ணீரை வைத்து நெப்ராஸ்கா சம்பாதித்த லாபத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர. இதை மாப்பிள்ளை சொன்னபோது பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மாநிலத்தின் மேல் எவ்வளவு பிரியம் வந்திருந்தாலும், இந்த விஷயத்தில் நான் கன்சாஸ் பக்கம்தான். நமக்குக் காவிரியில் கர்நாடகம் விட வேண்டிய தண்ணீரை 2007-இல் நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. என்றது, 2018-இல் நம்ம உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கியது. எண்ணைக் குறைப்பதும் கூட்டுவதும் எங்கோ நடக்கும், அது எங்கள் முள்ளியாற்றுக் கரையில் வந்து நிற்கும்போது எத்தனை விரல் ஆழம் என்பது எங்களுக்குத் தெரியும். வாங்கிய லாபத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு நீதிமன்றம் சொன்னதைக் கேட்கவே நெஞ்சு நிறைந்தது.

மே மாதம் ஊர் திரும்பினேன். அந்த வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். எங்கள் பக்கம் குறுவை பலருக்கு இல்லை என்றாகிவிட்டது.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனேன். சமுதாயக் கூடத்தில் ஐம்பது அறுபது பேர், பாதிப் பேர் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள். வழக்கம் போல முன்பே தயாராக இருந்த தீர்மானங்களை வாசித்தார்கள், எல்லாரும் கை தூக்கினார்கள். நான் எழுந்து, தெற்கு வடிகால் வாய்க்காலைத் தூர் வாரியதாக எழுதியிருக்கிற நீளத்தைக் கேட்டேன். நேற்று நடந்து பார்த்தேன், பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கிறது என்றேன். பின்னாலிருந்து இரண்டு பெண்கள் ஆமாம் என்றார்கள். பார்க்கிறோம் டீச்சர் என்று பதில் வந்தது.

"பாக்கறது இருக்கட்டும் தம்பி. நான் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. என் பேரோட."

எழுதுபவர் சின்னப் பையன், என்னிடம் படித்தவன்தான். பேனாவை எடுத்துக்கொண்டு, "என்னன்னு டீச்சர் எழுதறது?" என்றான். கேள்வியைச் சொன்னேன், எழுதினான். பின்னால் ஆமாம் சொன்ன இரண்டு பெண்களின் பெயரையும் எழுதச் சொன்னேன். அவர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு ஒருத்தி எழுந்து வந்து தன் பெயரைச் சொன்னாள். என் முறை வந்தபோது, தலைப்பெழுத்தை விட்டுவிடாதே என்றேன். அப்பாவின் எழுத்து அது. அவன் எழுதி முடித்துப் புள்ளி வைக்கிறவரை மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.